மெல்லப் பேசத் தெரியாதவன்

அவனுக்கு மெல்லப் பேசத் தெரியாது. வீட்டில் உப்பு இல்லை என்று அம்மாவிடம் சொன்னால், லயத்தின் கடைசிக் காம்பராவிலிருந்து யாராவது ஒரு கை உப்பைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். இலங்கை மலைநாட்டில் எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவில் இருக்கிற சுவர் கூரையைத் தொடாது. ஒரு வீட்டுச் சண்டை அந்த வரிசைக்கே சண்டை. அதனால் அங்கே பிறக்கிற பிள்ளைகள் பேசப் பழகும்போதே குசுகுசுக்கவும் பழகிவிடுவார்கள். இவன் மட்டும் பழகவில்லை. இவனுடைய அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்காது, வாயையும் பார்த்தால்தான் புரியும். அப்பா இவன் கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் பேசுவதற்கு இருந்த ஒரே ஆள் அந்த அம்மாதான். அவளுக்குக் கேட்க வேண்டும் என்று பேசிப் பேசியே குரல் அப்படி ஆகிவிட்டது.

அவன் பேரை நான் சொல்லப்போவதில்லை. என் இடத்தில் அவன் இருந்திருந்தால் என் பேரை ஹட்டன் டவுன் வரைக்கும் கேட்கிற மாதிரி சொல்லியிருப்பான். நான் அவன் இல்லை. தவிர, அவன் இப்போது எங்கேயாவது பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கலாம். கிழவன் நிம்மதியாக இருக்கட்டும்.

மாரியம்மன் கோயிலில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள்ளே வேண்டிக்கொள்வார்கள். அம்மனுக்கும் காது மந்தம் என்று நினைத்தானோ என்னவோ, இவன் கையைத் தலைக்கு மேலே தூக்கி, "ஆத்தா, பெரிய கங்காணி வீட்டு நாய் என்னையக் கடிக்காமப் பாத்துக்க" என்பான். பெரிய கங்காணி பக்கத்திலேயே நிற்பார். பூசாரி திருநீறு கொடுக்கிற சாக்கில் இவன் தலையில் ஒரு குட்டு வைப்பார். ஹட்டனில் படம் பார்க்கப் போனால், கதவுக்குப் பின்னால் வில்லன் ஒளிந்திருக்கிற விஷயத்தைக் கதாநாயகனுக்குச் சொல்லிவிடுவான். ஒருமுறை டிக்கெட் கிழிக்கிறவர் வந்து காதைப் பிடித்து வெளியே விட்டார். வெளியே நின்றுகொண்டு, உள்ளே இருக்கிற எங்களிடம், "என்னாச்சு, தப்பிச்சிட்டானா?" என்று கேட்டான். உள்ளே கேட்டது.

மஸ்கெலியாக் கடைத்தெருவில் முஸ்லிம் நானா ஒருவர் வைத்திருந்த தேத்தண்ணிக் கடைக்கு ஒருநாள் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் நின்று, "ரெண்டு பிளேன்டி" என்றான். முன்னால் இருந்த பையன் ரெண்டு போட்டான். பின்னால் குசினியில் இருந்தவர், தனக்குத்தான் சொல்கிறார்கள் என்று அவரும் ரெண்டு போட்டார். நாலையும் நாங்களே குடித்தோம். "தம்பி, மெல்லச் சொல்லுங்க. இந்தக் கடை இங்கதான் இருக்கும், எங்கயும் போயிராது" என்றார் நானா. நானா சொன்னதில் அது ஒன்றுதான் தப்பாகிவிட்டது. அந்தக் கடைத்தெரு இப்போது நீர்த்தேக்கத்துக்கு அடியில் இருக்கிறது.

என் அப்பா அந்தத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. காலையில் ஆள் கூடுகிற பெரட்டில் ஆளைப் பிரித்து மலைக்கு அனுப்புவது, மலையில் நின்று வேலை வாங்குவது, கொழுந்து நிறுப்பது எல்லாம் அவர். கறுப்புக் கோட்டும் தொப்பியுமாக அவர் வருகிறார் என்றால் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர்கள் பீடியை அணைப்பார்கள். எங்கள் வீடு லயத்தில் இல்லை. சற்று மேலே, தனியாக, வேலி போட்டு இருந்தது. அந்த வேலிக்குள் இருப்பவர்கள் வேலிக்கு வெளியே இருப்பவர்களோடு உறவுமுறை கொண்டாடுவதில்லை. என்னை லயத்துக் கிழவர்கள்கூட "தம்பி" என்றுதான் கூப்பிட வேண்டும். நான் அவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடலாம். இந்த அசிங்கம் அப்போது எங்களுக்கு மரியாதை என்று பட்டது.

அப்பாவுக்கு அவனைப் பிடிக்கும். கொழுந்து நிறுக்கிற நேரம் வந்தால் கொம்பு ஊதுகிறவனைத் தேட மாட்டார். "டேய், கூப்புடுறா" என்பார். சாக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவன் அப்படியே திரும்பி, "கொழுந்து நெறுக்க வாங்கோ" என்று ஒரு குரல் கொடுப்பான். மூன்று மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெண்கள் கூடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு இறங்க ஆரம்பிப்பார்கள். "இந்தப் பய இருக்கிற வரைக்கும் நமக்குக் கொம்பு செலவு இல்ல" என்று அப்பா தனக்கு மேலே இருக்கிற கண்டாக்கையாவிடம் பெருமையாகச் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன்.

நான் ஹட்டனில் படித்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் சந்தியில் பஸ் இறங்கித் தேயிலைக்கு நடுவே ஏறி வரவேண்டும். மழைக் காலத்தில் அந்த நேரத்துக்கே பனிமூட்டம் இறங்கிவிடும். முன்னால் நீட்டிய கை தெரியாது. போதாக்குறைக்குக் காட்டுப்பன்றி. ஒரு தடவை நான் பன்றியைக் கண்டு பயந்து தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழுந்து வந்ததும், அம்மா அழுத அழுகையில் அப்பா ஒரு ஏற்பாடு செய்தார். "அந்தப் பயலச் சந்திக்கு அனுப்புறேன். அவன் பேசிக்கிட்டே வந்தா பன்னி கிட்டயே வராது" என்றார். எங்களுக்குப் பாதை வெட்டிக் கொடுத்தவர் அப்பாதான். அவருக்கு அதற்காக நான் நன்றி சொல்ல வழியில்லாமல் போய்விட்டது.

எனக்குப் பதினாறு வயது. அவன் என்னைவிட ஒரு வயது மூத்தவன். முதல் நாள், "தம்பி, புத்தகத்தக் குடுங்க" என்று வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தான். தோளில் கம்பளி. பனியில் அவன் முதுகு மறைந்ததும் எனக்குப் பயமாகிவிட்டது. அது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கம்பளியின் ஒரு நுனியை என் கையில் கொடுத்தான். "இதப் புடிச்சிக்கிட்டு வாங்க" என்றான். அப்படியும் கொஞ்ச தூரத்துக்கு ஒரு தடவை, "தம்பி, இருக்கீங்களா?" என்று கேட்பான். நான், "இருக்கேன்" என்பேன். "கேக்கல." "இருக்கேன்." மலை முழுக்கக் கேட்கிற அவன் குரலுக்கு, கம்பளி நுனிக்குக்கூடக் கேட்காத என் குரல் பதில்.

கொஞ்ச நாளில் 'இருக்கீங்களா' 'இருக்கியா' ஆயிற்று. 'தம்பி' 'மச்சான்' ஆயிற்று. அதுவும் பனிக்குள்ளே மட்டும்தான். வீட்டு வேலி கண்ணுக்குத் தெரிந்ததும் அவன் மறுபடி, "தம்பி, பாத்துப் போங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவான்.

மச்சான் என்பது பொல்லாத வார்த்தை. கூட்டாளியைக் கூட்டாளி அப்படித்தான் கூப்பிடுகிறான். அக்காளைக் கட்டியவனும் மச்சான்தான். பெண்டாட்டி புருஷனைக் கூப்பிடுவதும் மச்சான்தான். அவன் என்னை எந்த மச்சானாகக் கூப்பிடுகிறான் என்று நான் கேட்கவில்லை. நான் எந்த மச்சானாகக் கேட்டுக்கொண்டேன் என்பது எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் பையன்கள் பெண்களைப் பற்றிப் பேசும்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். அவர்கள் சொல்கிற தவிப்பெல்லாம் எனக்கும் இருந்தது. ஆனால் அது சந்தியில் புத்தகத்தை வாங்கிக்கொள்ள நிற்கிறவன்மேல் இருந்தது. இப்படி வேறு யாருக்காவது வந்திருக்கிறதா என்று கேட்கக்கூட ஆள் இல்லை. உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் இப்படி என்று நம்பிக்கொண்டிருந்தேன். அவனுக்கும் இருக்குமோ என்று மட்டும் ஒரு சந்தேகம்.

அதை முதலில் சொன்னவன் அவன்தான். பாதி வழியில் ஒரு பாறை இருக்கும். அதில் உட்கார்ந்து மூச்சு வாங்குவோம். ஒருநாள் உட்கார்ந்திருந்தவன், எதற்கும் முன்னறிவிப்பு இல்லாமல், "மச்சான், எனக்கு ஒன்னயத்தான் புடிச்சிருக்கு" என்றான். எதிர்மலை அதை அப்படியே திருப்பிச் சொன்னது. நான் பாய்ந்து அவன் வாயைப் பொத்தினேன். கீழே ஃபெக்டரி பக்கமிருந்து யாரோ, "யார்றா அங்க?" என்று கேட்டார்கள். என் கையை விலக்கிவிட்டு, "நாந்தான். பன்னி வெரட்டுறேன்" என்று பதில் கொடுத்தான். அன்றைக்கு நான் சிரித்த மாதிரி பிறகு எப்போதாவது சிரித்தேனா என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவனுக்கு மெல்லப் பேசக் கற்றுக்கொடுப்பது என்று முடிவு செய்தேன். எங்கள் உயிர் அதில்தான் இருக்கிறது என்பது எனக்குப் புரிந்திருந்தது. அந்தப் பாறையில் உட்கார வைத்து, "என் பேரச் சொல்லு. எனக்கு மட்டும் கேக்குற மாதிரி" என்பேன். கழுத்து நரம்பு புடைக்க, முகம் சிவக்க, முயற்சி செய்வான். ஒன்று வெறும் காற்று வரும், இல்லாவிட்டால் முழுக் குரலும் வரும். நடுவில் ஒன்று அவனிடம் இல்லவே இல்லை.

"இப்படிச் சொன்னா யாருக்குடா கேக்கும்?" என்று எரிச்சல்படுவான்.

"எனக்குக் கேக்கும்."

"நீதான் பக்கத்துல இருக்கியே. பக்கத்துல இருக்கிறவனுக்கு எதுக்குச் சொல்லணும்?"

பாடம் அதோடு நின்றுவிட்டது.

நல்ல வெயில் அடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் வம்பு வந்தது. தேயிலை துளிர்த்துக் குவிகிற மாதம் என்று அன்றைக்கும் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். எதிர்மலையில் சாக்குத் தூக்கிக்கொண்டிருந்தவன் என்னைப் பார்த்துவிட்டான். பனி இல்லை என்பது அவனுக்கு மறந்துபோயிற்று. கையை உயர்த்தி, "மச்சான்" என்று கூப்பிட்டான். மலை நிறையப் பெண்கள். அத்தனை பேரும் கொழுந்து கிள்ளுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்கள். கணக்கப்பிள்ளை மகனை, லயத்துப் பையன், மச்சான் என்று கூப்பிடுகிறான்.

எனக்கு ஒரு அக்கா. இருபது வயது. பூண்டுலோயாப் பக்கம் ஒரு கணக்கப்பிள்ளை வீட்டில் அவளுக்குப் பேசி முடித்திருந்தார்கள். மறுநாள் அவள் தண்ணீர் எடுக்கப் பீலிக்குப் போனபோது பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். "என்னா தங்கச்சி, தம்பிக்கு மச்சான் கெடைச்சிட்டாராமே. எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லலியே?" என்றாளாம் ஒருத்தி. அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. குடத்தைப் பாதியில் வைத்துவிட்டு அழுதுகொண்டே வந்தாள். தம்பியை ஒருவன் மச்சான் என்றால் அவன் கண் அக்காமேல் இருக்கிறது என்றுதானே அர்த்தம். எங்கள் ஆட்களுக்கு வேறு கணக்குத் தெரியாது. சாயங்காலத்துக்குள் அந்தக் கணக்குப் பெரட்டுக் களம்வரை போய்விட்டது. அவன் தினமும் எங்கள் வேலிவரை வந்து போவது என்னைக் கொண்டுவந்து விடுவதற்காக இல்லை, அக்காவைப் பார்ப்பதற்காகத்தான் என்றார்கள். பூண்டுலோயாவுக்கு இது எட்டினால் கல்யாணம் நின்றுவிடும். அக்காவை அப்புறம் யாரும் கேட்டு வர மாட்டார்கள்.

அப்பா அன்றிரவு சாப்பிடவில்லை. "நான் என்ன அவன் வீட்டுக்குப் பொண்ணு குடுக்கப்போறேனா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு எங்கள் வாசலில் விசாரணை. பெரிய கங்காணி வந்தார், கோயில் தலைவர் வந்தார். வேலிக்கு வெளியே லயமே வந்து நின்றது. அவன் கழுவிய சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, தன் அம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தான். அந்த அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்து, என்ன நடக்கிறது என்று கண்டுபிடிக்க முயன்றாள். நான் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றேன். அக்கா உள்ளே அழுகிற சத்தம் வெளியே கேட்டது.

"எந்த மொறையிலடா என் மகன மச்சான்னு கூப்புட்ட?" என்று கேட்டார் அப்பா.

"சும்மாதாங்க ஐயா. பழக்கத்துல."

"பழக்கமா? என் மகனும் நீயும் கூட்டாளியா?"

தலைவர் குறுக்கே வந்தார். "அத விடுங்க. டேய், நேராச் சொல்லு. இவுங்க மகள மனசுல வச்சிக்கிட்டுத்தான நீ இந்தப் பக்கம் வந்த?"

"இல்லீங்க."

"பொய் சொன்னேன்னா மரத்துல கட்டி வச்சி உரிச்சிருவோம்."

உள்ளே அக்கா விம்மியது கேட்டது. அவன் அந்தப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் தலையை மெல்ல ஆட்டினேன், வேண்டாம் என்று. அவனுக்கு மெல்லச் செய்கிற எதுவும் எட்டாது.

"அக்கா எனக்குக் கூடப்பொறந்த மாதிரிங்க ஐயா" என்றான். கொழுந்து நிறுக்கக் கூப்பிடுகிற அதே குரல். "நான் மச்சான்னு கூப்புட்டது தம்பிக்காகத்தாங்க. எனக்கு அவரத்தாங்க புடிச்சிருக்கு. கட்டிக்கிறதா இருந்தா நான் அவரத்தாங்க கட்டிக்குவேன்."

வேலி ஓரத்தில் ஒரு கிழவி களுக்கென்று சிரித்தாள். அது பற்றிக்கொண்டது. பெரிய கங்காணி வயிற்றைப் பிடித்துக்கொண்டார். தலைவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்தக் கிறுக்குப் பயலப் போயி கூப்புட்டு விசாரிக்கிறீங்களே கணக்கப்பிள்ளை. இவனுக்குப் பொண்ணு எது ஆணு எதுன்னே தெரியல. இவனா ஒங்க மகளப் பாக்கப்போறான்?" என்றார். பின்னால் நின்றதில் மகன் வாய் தெரியாமல், எல்லோரும் சிரிப்பதை மட்டும் பார்த்து, அவனுக்கு ஏதோ நல்லது நடந்துவிட்டது என்று எண்ணிய அவன் அம்மாவும் சிரித்தாள். ஒரு நிமிஷத்தில் அக்கா பேர் சுத்தமாகிவிட்டது. பூண்டுலோயாவுக்கு அந்தச் சிரிப்புத்தான் போய்ச் சேர்ந்தது, வேறொன்றும் போகவில்லை.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் நானும் ஒன்று சொன்னேன். "நானுந்தான்" என்று சொன்னேன். என் குரல் எப்படிப்பட்டது என்று முன்பே சொல்லியிருக்கிறேன். யாருக்கும் கேட்கவில்லை. அப்பா பக்கத்தில் நின்றார், அவருக்குக் கேட்டது.

எல்லோரும் போன பிறகு அப்பா உள்ளே வந்து தொப்பியைக் கழற்றாமலே உட்கார்ந்தார். "என்னடா சொன்ன?" என்றார்.

"நானுந்தான்னு சொன்னேன்."

அடிப்பார் என்று நினைத்தேன். அம்மா வந்து, "என்னங்க, என்னாச்சு?" என்று கேட்டாள்.

"ஒன்னுமில்ல. ஒன் மகனுக்குக் காய்ச்சல்" என்றார் அப்பா.

எங்கள் வீட்டில் அந்த விஷயத்துக்குக் கடைசிவரை அதுதான் பேர். அம்மாவுக்கு எப்படியோ எல்லாம் தெரிந்துவிட்டது. மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாள். நெடியில் வீடே தும்மியது, எனக்குள் இருந்தது மட்டும் தும்மக்கூட இல்லை. தாயத்துக் கட்டினாள். சாமியாடியிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவர் என் தலைமுடியைப் பிடித்து உலுக்கி, "போறியா, போக மாட்டியா?" என்று கேட்டார். போக மாட்டேன் என்று என் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். பிற்காலத்தில் எனக்குப் பெண் பார்க்கிற பேச்சு வரும்போதெல்லாம் அம்மா தனியாக வந்து, "காய்ச்சல் போயிருச்சாடா?" என்று கேட்பாள். "இல்லம்மா" என்பேன். அவள் போய் வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து அனுப்பிவிடுவாள். சாகிறவரை அவள் அதை நிறுத்தவில்லை. அதில் கோபமும் இல்லை. எனக்குத்தான் கோபம் வரும்.

அப்பா சொல்லி, அவனுக்கும் அவன் அம்மாவுக்கும் பேர் வெட்டிவிட்டார்கள். தோட்டத்தில் பேர் வெட்டினால் வேலையும் இல்லை, காம்பராவும் இல்லை. இந்தியாவில் துறையூர்ப் பக்கம் அவன் அம்மாவுக்கு ஒரு அண்ணன் இருந்தார். அவன் கண்ணால் பார்த்திராத ஊர். அங்கே அனுப்புவதற்கான கடுதாசி வேலைகளை எல்லாம் அப்பாவே ஓடி ஓடிப் பார்த்தார். அதற்கும் முன்னால் ஒரு காரியம் செய்தார். அவனை மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டுபோய், இனிமேல் என்னைப் பேர் சொல்லியோ முறை சொல்லியோ கூப்பிடுவதில்லை என்று, உள்ளங்கையால் சூடத்தை அணைத்துச் சத்தியம் பண்ண வைத்தார். அம்மாவையும் காம்பராவையும் வைத்துக்கொண்டு அவன் வேறு என்ன செய்வான். அக்கா இதைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னாள். கை பொசுங்கியதாம், கையை எடுக்கவே இல்லையாம்.

அந்த நாளோடு அவன் பேசுவதையே நிறுத்திவிட்டான். மெல்லப் பேச அவனால் முடியாது. உரக்கப் பேசினால் என் பேர் வந்துவிடும் என்று பயந்திருப்பான் போல. கொழுந்து நிறுக்க மறுபடியும் கொம்பு ஊதினார்கள். உப்புக் கேட்டு லயத்தில் யாரும் கத்தவில்லை. அவன் அம்மா மட்டும் அவன் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். அவளுக்கு அப்போதுதான் நிஜமாகவே காது போயிற்று என்று அக்கா சொன்னாள். என்னைச் சந்தியிலிருந்து அப்பாவே கூட்டி வந்தார். பனிக்குள்ளே அவர் முன்னால் நடப்பார், நான் பின்னால். நான் இருக்கிறேனா என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. இருக்கிற தனிமையிலேயே பெரிய தனிமை அந்தப் பாதையில்தான் இருந்தது, ஒரு ஆளுக்குப் பின்னால் நடந்துகொண்டே.

அவர்கள் போகிற நாளை அக்காதான் என் காதில் போட்டாள். பள்ளிக்கூடத்தில் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு ஹட்டன் ஸ்டேசனுக்கு ஓடினேன். கப்பலுக்குப் போகிறவர்களும் ஏற்றிவிட வந்தவர்களுமாக மேடை நிறைந்திருந்தது. தகரப் பெட்டி, ஓலைப் பெட்டி, கோழி, ஒப்பாரி. நல்ல பனி இறங்கியிருந்தது. அப்பா அங்கே நின்றார். ஆள் ரயில் ஏறியதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போவார் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். என்னைக் கண்டதும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடித்த பிடி விடவில்லை.

அவன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்தான். வாயை இறுக்கி மூடிக்கொண்டான். சூடத்தை அணைத்த கை இன்னும் துணிக்கட்டோடு இருந்தது. வண்டி ஊதியது. அவன் தோளிலிருந்து கம்பளியை எடுத்து, அதன் ஒரு நுனியை ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டான். சத்தியம் குரலுக்குத்தானே. வண்டி நகர்ந்தது. அவன் முகம் பனிக்குள் போய்விட்டது, கம்பளி நுனி மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது. அதற்குப் பின்னால், பனிக்குள்ளே, அவன் கேட்காமல் கேட்கிற கேள்வி எனக்குத் தெரியும். தினமும் கேட்ட கேள்விதான்.

"இருக்கேன்" என்று கத்தினேன். "மச்சான், இருக்கேன்."

அப்படி ஒரு குரல் என்னிடம் இருந்தது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். மேடையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். ரயில் ஜன்னல்களில் எத்தனையோ தலைகள் எட்டிப் பார்த்தன. யாருக்குத்தான் மச்சான் இல்லை. ஒருவர், "போயிட்டு வர்றேன் மச்சான், ஒடம்பப் பாத்துக்க" என்று என்னைப் பார்த்துக் கையாட்டினார். பக்கத்தில் நின்ற கிழவி, "பாவம், அக்கா புருசன் போறாரு போலருக்கு" என்று சொல்லி எனக்காக மூக்கைச் சிந்தினாள். நான் அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டேன், ஒருவருக்கும் கேட்கவில்லை. அப்பாவுக்குக் கேட்டது, அவர் கையை விட்டுவிட்டார். அதற்குப் பிறகு அவர் உயிரோடு இருந்த வருஷங்களில் எங்கள் பேச்சு அம்மா வழியாகத்தான் நடந்தது. அந்த வண்டியில் போனவனுக்குக் கேட்டதா என்பதை இன்றுவரை எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஹட்டனில் ஒரு கடைக்கு மேலே அறை எடுத்து இருக்கிறேன். அக்கா பூண்டுலோயாவில் பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் போன் எடுப்பாள். மழை பெய்தால் லைன் கரகரக்கும். நடுவில் என் சத்தம் நின்றுவிட்டால், "டேய், இருக்கியா?" என்று கேட்பாள். போனில் எல்லோரும் கேட்கிற கேள்விதான்.

"இருக்கேன்" என்பேன்.

"எதுக்குடா கத்துற?" என்பாள் அக்கா. "எனக்குத்தான் காது நல்லாக் கேக்குதே."